இடம் கிடைத்தது, படுக்கை கிடைக்கவில்லை

மே மாதத்தின் கடைசி வாரம் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரையில் எங்கள் பங்கு அலுவலகத்தில் கடிதத்தாள் புத்தகம் ஒன்று முழுதாகத் தீர்ந்துவிடும். திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோரைவிடச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருவோரே அந்நாள்களில் மிகுதி. கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு கடிதம். சேர்க்கை கிடைத்தபின் விடுதிக்கு மற்றொரு கடிதம். இன்னார் எங்கள் பங்கைச் சேர்ந்த நல்ல கத்தோலிக்கக் குடும்பத்தவர், இவருக்குத் தங்கள் விடுதியில் இடமளித்து உதவக் கேட்டுக்கொள்கிறேன் என்னும் அந்த இரண்டு வரிகளை என் குருத்துவ வாழ்வில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கடிதத்திற்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆகவே குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை மாலையொன்றில், தூத்துக்குடிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து தந்தையும் மகனுமாக இருவர் என்னைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு பயணப்பை, கயிற்றால் கட்டிய அட்டைப்பெட்டி, மகனின் சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறை. தந்தை நாட்டுப்படகில் தொழில் செய்பவர். மகன் அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவன். சென்னையில் நம் துறவற சபையொன்று நடத்தும் கல்லூரியில் இளநிலை அறிவியல் படிப்புக்கு, எவருடைய கடிதமும் இன்றித் தன் மதிப்பெண்ணாலேயே இடம் பெற்றிருந்தான். "சாமி, சீட்டு கெடச்சிட்டு. தங்கத்தான் எடம் இல்லன்னு சொல்லுதாங்க" என்றார் தந்தை.

நடந்தது இதுதான். சேர்க்கைக் கடிதத்தில் விடுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடுதி விண்ணப்பத்தை வேறொரு சன்னலில் தனியாகப் பெற வேண்டும். அறை வாடகை, உணவு முன்பணம், காப்புத்தொகை மூன்றையும் ஒரே தவணையில் மூன்று நாள்களுக்குள் செலுத்த வேண்டும். சென்னையில் குடியிருக்கும் உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவர் புகைப்படத்தோடு நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். கல்லூரிக் கட்டணத்திற்கே மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வந்த மனிதர் அவர். விடுதிப் பணத்திற்காக ஊருக்குத் திரும்பிச் சென்று, கடன் புரட்டி, மறுபடியும் ரயிலேறி வருவதற்குள் நான்காம் நாள் ஆகிவிட்டது. இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். காசிமேட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி என் பங்கு மக்களில் ஒருவருக்குத் தெரிந்தவர். அந்த வழியாக என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

நான் வழக்கம்போல் கடிதம் எழுதினேன். பயன் இல்லை. "முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா, ஃபாதர்?" என்று தொலைபேசியில் வருத்தத்தோடு கேட்டார் விடுதிக் காப்பாளர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே இடம் நிரம்பியிருந்தது. அதை நிரப்பியதில் என் பங்கும் உண்டு என்பதை அன்றிரவு தான் உணர்ந்தேன். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் அதே விடுதிக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தேன். திருவொற்றியூரில் மூன்று மாடி வீடும், துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் தொழிலும் உள்ள ஒரு நல்ல மனிதரின் மகனுக்கு. ஆலயத் திருவிழாவுக்குக் கொடி வாங்கித் தருபவர் அவர். வீட்டில் இருந்தால் பையன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், விடுதியில் போட்டால் ஒழுக்கம் வரும் என்பது அவர் எண்ணம். தவறான எண்ணம் அன்று. ஆனால் விடுதியில் கட்டில்களின் எண்ணிக்கை ஒன்றுதான். என் கடிதம் புதிதாக ஒரு கட்டிலை உண்டாக்கிவிடவில்லை; இருந்த கட்டிலை ஒரு தலையிலிருந்து எடுத்து மற்றொரு தலைக்கு வைத்தது, அவ்வளவே.

கடற்கரைப் பையன் காசிமேட்டுச் சித்தப்பா வீட்டில் தங்கினான். அந்த வீட்டை நான் மந்திரிக்கச் சென்றவன் என்பதால் அறிவேன். ஒரே அறை, மறைப்புக்கு ஒரு துணித்திரை, ஐந்து பேர். இவன் ஆறாவது. விடியற்காலை இரண்டு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்திற்குச் செல்பவர்கள் எழும்போது எல்லாரும் எழவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெண் விளக்குக்கு நேர் கீழே சுவரோரமாக உட்கார்ந்து படிப்பது வழக்கம். விருந்தாளியாக வந்த அண்ணனுக்கு அந்த மூலை போயிற்று. அவள் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போனாள். அவளது தாய் இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. உறவு என்றால் இப்படித்தான் என்றாள். பையன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றவன் திரும்பவில்லை. தந்தையோடு கடலுக்குப் போகிறான் என்று பின்னர் அறிந்தேன். கடல்தொழில் இழிவானது அன்று. ஆனால் அவன் அதைத் தேர்ந்துகொண்டு போகவில்லை.

பையனுக்குச் சீட் கிடைத்துவிட்டதா என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். வகுப்பறையில் உட்காரும் பலகைதான் நமக்கு 'இடம்'. இரவில் தலை சாய்க்கும் இடத்தைத் தனிப்பட்ட ஏற்பாடாக, குடும்பத்தின் சாமர்த்தியமாகக் கருதிவிட்டோம். நானூறு, அறுநூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் மாணவனுக்கு இவ்விரண்டும் ஒன்றே என்பதுதான் நான் சொல்ல வந்தது. படுக்கை இல்லாத சேர்க்கை அவனைப் பொறுத்தவரையில் சேர்க்கையே அன்று. அவனுக்குச் சேர்க்கைக் கடிதம் கொடுக்கும் கல்லூரி, விடுதியில் இடம் உண்டா இல்லையா என்பதையும் அதே கடிதத்தில், அதே நாளில் சொல்லக் கடமைப்பட்டது.

இது புதிய கொள்கை என்று எவரும் மலைக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தனர். வடசென்னையின் வாசலான எஸ்பிளனேடில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வில்லியம் மில்லர் விடுதிகளை உண்டாக்கினார். வெளியூர்ப் பிள்ளைகள் நகரத்துச் சந்துகளில் அலையாமல் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர், தோமையார், பிஷப் ஹீபர் என்னும் மூன்று விடுதிகளைத் தன் வாழ்வின் நடுவே வைத்துக்கொண்டது. அது நம் சபையினருடையது அன்று. ஆயினும் நல்லதை எங்கிருந்தாலும் கற்றுக்கொள்ளலாம்.

நம்முடையதையே பார்ப்போம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரிக்கு, 1950-இல் இராமேசுவரம் தீவிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். தந்தை படகு வைத்திருந்தவர், இசுலாமியக் குடும்பம். இயேசு சபையினரின் விடுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய அறைத் தோழர்களில் ஒருவர் திருவரங்கத்து ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். பின்னாளில் விடுதியின் சைவ உணவுக்கூடத்திற்குச் செயலராகவும் அவர் இருந்தார். அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் மகிழ்ச்சியோடு நினைவுகூரும் செய்திகள் இவை. நம் மேடைகளில் அவர் பெயரைச் சொல்லி, எங்கள் கல்லூரி உருவாக்கிய மாமனிதர் என்று பெருமைப்படாத கத்தோலிக்கர் உண்டா? அந்த ஆண்டு அவருக்கு வகுப்பறையில் இடம் கொடுத்துவிட்டு, விடுதிச் சன்னலில் நாள் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்? அவருடைய தந்தையும் பையைத் தூக்கிக்கொண்டு, கடிதம் எழுதித் தரும் சாமியார் ஒருவரைத் தேடி திருச்சித் தெருக்களில் அலைந்திருப்பார்.

அரசே இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட வரலாறு அண்மையில் நடந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. முதல் கலந்தாய்விலேயே, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியின்றிச் சிலர் அதைக் கைவிட நேர்ந்தது. செய்தி வெளியானதும், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அச்சலுகை விரிந்தது. விடுதிக் கட்டணத்தையும் என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஏழை மாணவனுக்கு இடம் என்றால் படுக்கையும் சேர்ந்ததே என்பதை ஓர் அரசாணை புரிந்துகொண்டிருக்கிறது. 1959-இல் தொடங்கிய கிண்டி ஐ.ஐ.டி.யில் காவிரி, கிருஷ்ணா, நர்மதா என்று நதிகளின் பெயர் தாங்கிய விடுதிகள் இருக்கின்றன. அங்கே சேர்க்கை பெற்றவர், எனக்கு அறை உண்டா என்று எந்தச் சாமியாரிடமும் கடிதம் வாங்கப் போவதில்லை. படிப்பும் உறைவிடமும் அங்கே ஒரே ஏற்பாடு. அது மத்திய அரசின் பணம், நமக்கு ஏது என்பீர்கள். பணத்தைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன். பணம் கேட்காத நீதியும் ஒன்று உண்டு.

நம் மக்களுக்கு இந்த அநீதி தெரியாமல் இல்லை. அது தொலைவில் நடக்கும்போது நன்றாகவே தெரிகிறது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தபின், எங்கள் பங்கிலிருந்தும் ஒரு பெண் தில்லிக்குப் படிக்கச் சென்றாள். அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் விடுதியே கிடையாது. இருக்கும் சிலவற்றிலும் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல். இவளுக்குப் பட்டியல் வெளியாகும் முன்பே வகுப்புகள் தொடங்கிவிட்டன. மொழி தெரியாத ஊரில் தாயும் மகளும் மூன்று வாரம் வாடகை அறையில் கிடந்தார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் இதைப் பற்றி எத்தனை கோபம்! இப்படியா பிள்ளைகளை வரவழைத்துவிட்டுத் தெருவில் விடுவது, தென்னாட்டுப் பிள்ளை என்றால் அவ்வளவு இளக்காரமா என்றெல்லாம் பேசினார்கள். நானும் கோபப்பட்டேன். ஆனால் தூத்துக்குடியிலிருந்தும் குமரிக் கரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் நம் சென்னைக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு நாம்தானே தில்லி?

நிர்வாகத்தில் இருக்கும் என் குரு நண்பர்களிடமும் அருள்சகோதரிகளிடமும் இதைப் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் மறுமொழிகளைப் புறக்கணிப்பது நேர்மை ஆகாது.

முதலாவது, பணம். விடுதி கட்டுவது எளிதன்று. நகரத்தில் நிலத்தின் விலை தெரிந்ததே. வெளிநாட்டு உதவிக்கான சட்டம் 2020-இல் மேலும் இறுக்கப்பட்டபின், முன்பு வந்த வழிகளும் குறுகிவிட்டன. உண்மை. வசதி உள்ளவர் கட்டும் பணத்தைக் கொண்டுதான் ஏழை மாணவருக்குக் கட்டணச் சலுகை தருகிறோம் என்கிறார்கள். அதுவும் பல இடங்களில் உண்மை. அதை மறைத்து எழுதினால் நான் பொய்யன் ஆவேன். ஆனால் நான் புதிதாக ஒரு செங்கல்லும் கேட்கவில்லை. இருக்கும் கட்டில்களை எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்று மட்டுமே கேட்கிறேன். முதலில் பணத்தோடு வந்தவருக்கு முதலில் என்பது பார்வைக்கு நடுநிலையான விதி. ஆனால் யார் முதலில் வருவார்? கையில் பணம் உள்ளவர், சென்னையிலேயே இருப்பவர், கல்லூரியில் ஆள் தெரிந்தவர். மூன்று நாள் கெடு என்பது அண்ணாநகருக்கும் மூன்று நாள், மணப்பாட்டுக்கும் மூன்று நாள். ஆனால் மணப்பாட்டுக்காரருக்கு அதில் இரண்டு நாள் ரயிலிலும் பேருந்திலும் கழிந்துவிடுகிறது. சமமான விதி சமமற்றவர் தலையில் எப்படி விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா?

இரண்டாவது மறுமொழி, வெளியே தனியார் விடுதிகளும் 'பேயிங் கெஸ்ட்' வீடுகளும் ஏராளமாக இருக்கின்றனவே என்பது. இருக்கின்றன. மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்று 2024 ஜூனில் வரி மன்றம் பரிந்துரைத்தபோது செய்தித்தாள்கள் அதை மாணவர்களுக்கு நற்செய்தி என்று எழுதின. அந்த உச்சவரம்பைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பகுதியில் நான் விசாரித்தவரை, உணவோடு கூடிய ஒரு படுக்கைக்கு ஆறாயிரத்திற்குக் குறைந்து இல்லை. மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்த வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறைக்குப் பத்துப் பேராகத் தங்குவதால், தனி அறையாகக் கொடுப்பதைவிடத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதே வீட்டுக்காரருக்கு ஆதாயம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாணவர் கைக்கு வருவது மாதம் ஆயிரம் ரூபாய். அது பேருந்துக்கும் புத்தகத்துக்கும் பெரிய உதவி. படுக்கைக்கு ஆறில் ஒரு பங்கு.

அரசு விடுதிகள் உள்ளனவே என்பார் சிலர். 2025 ஜூலையில் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர். கல்லூரி விடுதி மாணவர்களுக்கான உணவுப்படி 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. அதாவது நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளைக்கு ஐம்பது ரூபாயில் என்ன சமைக்கலாம் என்பதை வாசகர்களில் தாய்மார்கள் நன்கறிவார்கள். அரசைக் குறை கூறுவது எளிது. நம்மிடம் வந்த பிள்ளையை அங்கே போ என்று கைகாட்டுவது அதைவிட எளிது.

மூன்றாவது மறுமொழி ஒழுக்கம். முகம் தெரியாத ஊர்ப் பையனுக்கு யார் பொறுப்பு? அதனால்தான் உள்ளூர்ப் பாதுகாவலர் கையொப்பம் கேட்கிறோம் என்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் இக்கையொப்பம் இல்லாதவர் யார் என்று பாருங்கள். சென்னையில் உறவினர் ஒருவரும் இல்லாதவர். அதாவது விடுதி யாருக்கு மிகவும் தேவையோ அவரே. வீடு உள்ளவனுக்குத்தான் விடுதி என்ற நிலைக்கு நம் விதி வந்து சேர்ந்துவிட்டது.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரையில் இது இன்னும் கடுமையானது. 2014 ஜூனில் பொள்ளாச்சி விடுதியொன்றில் இரு சிறுமியர்க்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த அவ்வாண்டே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. பதிவும் உரிமமும் இன்றி எவரும் விடுதி நடத்தக்கூடாது. மிகச் சரியான சட்டம். ஆகவே, பங்கு மண்டபத்து மாடியில் நான்கு பாய் விரித்து, வெளியூர் மாணவியரைத் தங்கவைத்து, நாங்கள் அன்புப்பணி செய்கிறோம் என்று சொல்லும் பழைய காலம் முடிந்துவிட்டது. நல்ல எண்ணம் பாதுகாப்பு ஆகாது. கல்லூரி வளாகத்துக்குள் உள்ள, உரிமம் பெற்ற, காப்பாளர் உள்ள விடுதியே அவர்களுக்கு ஏற்ற வழி. அந்தக் கட்டிலைத்தான் நாம் சிபாரிசுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியூர் என்பதைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. சென்னை முகவரி உள்ளவருக்கு விடுதி இல்லை என்று விதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். அப்படியானால் எண்ணூர்ப் பெண்ணை எங்கே வைப்பது? அவளும் சென்னைதான். எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல். கீழே இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா நிலையம். அங்கிருந்து இன்னொரு ரயிலில் தாம்பரம். கும்மிடிப்பூண்டி வண்டி காலத்தில் வந்தால் இரண்டு மணி நேரம், வராவிட்டால் கணக்கில்லை. மெட்ரோ வந்துவிட்டதே என்பார்கள். 2021-இல் அது விம்கோ நகர் வரையில் வந்து நின்றது, எண்ணூருக்கு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தை மூடியதையும், அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தெருவில் இருக்கும் மாணவிக்கு உள்ளூர்க்காரி என்ற பெயர் ஒரு தண்டனை போல் ஆகிவிடக் கூடாது. திருவொற்றியூர் மூன்று மாடி வீட்டுப் பையனும் அவளும் ஒரே அஞ்சல் குறியீட்டு வட்டாரத்தினர் என்பதற்காக ஒரே நிலையினர் ஆகிவிடுவார்களா?

எனவே தொலைவு, வறுமை, வீட்டின் நிலை, குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பது, 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவரா என்பது, இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் வகுத்து, சேர்க்கை விண்ணப்பத்திலேயே விடுதித் தேவையையும் கேட்டு, சேர்க்கைப் பட்டியலோடு விடுதிப் பட்டியலையும் சேர்த்து வெளியிடலாம். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வரும் மாணவருக்குச் சேர்க்கையில் கூடுதல் புள்ளி தரும் முறை நெடுங்காலம் இருந்தது. நாம் அதை விடுதிக்குச் செய்யலாம். பட்டியலைச் சுவரில் ஒட்டட்டும். கட்டணத்தை மாதத் தவணையாக வாங்கட்டும். வசதி உள்ளவருக்கு எஞ்சியதைக் கொடுக்கட்டும்; அவர்களிடம் கூடுதலாகவே வாங்கட்டும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி 1990-இல் வெளியிட்ட ஆவணத்தில், உயர்கல்வி வழக்கமாக மறுக்கப்பட்டு வந்த ஏழையருக்கும் சிறுபான்மையருக்கும் அது எட்டும்படிச் செய்வதை நீதிப் பணியாகவே குறிப்பிடுகிறார். எட்டும்படி என்றால், இரவு பத்து மணிக்கு அவன் எங்கே இருப்பான் என்பதும் அதில் அடங்கும்.

பொதுநிலையினராகிய உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கல்லூரிகளைத் துறவியர் நடத்துகிறார்கள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்காதீர்கள். உள்ளூர்ப் பாதுகாவலர் என்னும் அந்தக் கையொப்பம் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வோர் அன்பியமும் ஆண்டுக்கு ஒரு வெளியூர் மாணவருக்குப் பாதுகாவலராக நிற்கலாம். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, காய்ச்சல் என்றால் ஸ்டான்லிக்கு அழைத்துச் செல்வது, பண்டிகைக்கு ஊருக்குப் போக இயலாதபோது வீட்டில் ஒருவேளை சோறு போடுவது. இதற்குக் கட்டடம் வேண்டாம், உரிமம் வேண்டாம். துறைமுகத்துப் படகுத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பில் 1829-இல் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இருக்கும் பகுதி நம்முடையது. ஊருக்கே அவர் பெயர்தான். வந்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்குப் பிறகு வந்தது. வீடு வாடகைக்கு விடும்போது எந்த ஊர் என்று தொடங்கி எந்தத் தெரு, யாருடைய மகன் என்று சாதியைச் சுற்றிச் சுற்றி விசாரிக்கும் நம் வழக்கத்தைப் பற்றி இங்கே எழுதினால் கட்டுரை நீண்டுவிடும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்தைப் பற்றி நாம் டிசம்பரில் மட்டும் மறையுரை கேட்கிறோம்; கல்லூரிச் சேர்க்கை நடப்பதோ ஜூனில்.

கடந்த ஆண்டு ஜூன் முதல் ஞாயிறன்று, இனி விடுதிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத மாட்டேன் என்று திருப்பலி முடிவில் அறிவித்தேன். வெளியூர்ப் பிள்ளை யாராயினும் நானே உடன் வந்து விடுதி அலுவலகத்தில் உட்காருகிறேன், பாதுகாவலராகக் கையொப்பமும் இடுகிறேன், ஆனால் ஒருவரை முந்தவைத்து மற்றவரைப் பின்னுக்குத் தள்ளும் தாளில் இனி என் முத்திரை விழாது என்றேன். சிலர் தலையசைத்தார்கள். மறுநாள் காலை ஒரு குடும்பத்தலைவர் மகளோடு வந்தார். சொந்த வீடு, கார் உள்ளவர். நான் விளக்கிச் சொன்னேன். அவர் மிகவும் மனம் நொந்தார். "உங்களை நம்பித்தானே ஃபாதர் வந்தோம்" என்றார். நான் அசையவில்லை. எழுந்து போனவர், அடுத்த பங்கில் கடிதம் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே அவருடைய மகளுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது.